ரேடியேட்டர் மாற்றிய பிறகும் முள் ஏறுகிறது: உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது எப்படி?

அரிசிலாற்றங்கரை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2013ஆம் ஆண்டு வாங்கிய சிறிய டீசல் கார். ரேடியேட்டரின் பக்கவாட்டு பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் கசியத் தொடங்கியதால், சென்ற செவ்வாய்க்கிழமை இங்குள்ள ஒரு பணிமனையில் புதிய ரேடியேட்டர் போட்டேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் புதிதாக ஊற்றினார்கள். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை குடும்பத்துடன் மயிலாடுதுறைக்குப் புறப்பட்டேன். ஆடுதுறை தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. குத்தாலத்தை நெருங்கும்போது வெப்பநிலை முள் நடுவிலிருந்து முக்கால் அளவுக்கு ஏறியது. நான் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் தானாகவே நடுவுக்கு இறங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் ஏறியது. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து, குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி மொள்ளும்போது வருமே, அப்படி ஒரு 'களக் களக்' ஒலி. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை. நாற்பது நிமிடம் காத்திருந்து, மெதுவாக ஓட்டி வீடு திரும்பினோம்.

பணிமனைக்காரரைக் கேட்டால், "உள்ளே கொஞ்சம் காற்று இருக்கிறது, ஓட ஓடத் தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். அப்படி நம்பி ஓட்டலாமா? என் வண்டியில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கிறது. பக்கத்தில் தனியாக ஒரு ரிசர்வ் டேங்க் உண்டு.

தஞ்சைப் பணிமனை

வணக்கம். நம்பி ஓட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு அறிகுறிகளும், அதாவது ஏறி இறங்கும் முள், டேஷ்போர்டுக்குப் பின்னால் கேட்கும் ஒலி, மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, சுற்றாத ஃபேன் ஆகியவை, எஞ்சினுக்குள் கணிசமான அளவு காற்று சிக்கியிருப்பதையே காட்டுகின்றன. சிறிதளவு காற்றாக இருந்தால் ஓட ஓட அது ரேடியேட்டரின் தலைக்கு வந்து, மூடி வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போய்விடும் என்பது உண்மைதான். அதிகக் காற்று அப்படிப் போகாது. அது போவதற்குள் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்தால், நீங்கள் ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தைப் போலப் பல மடங்கு செலவாகும்.

ஃபேன் ஏன் சுற்றவில்லை என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் தவறான திசையில் போய் ஃபேன் மோட்டாரையும் ரிலேயையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஃபேனை இயக்கும் வெப்ப உணரி கூலண்டில் மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் உணரிக்கு வெப்பம் சரியாகப் போய்ச் சேராது. அருகில் உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே உணரி குறைவான அளவைக் காட்டும். சற்று நேரத்தில் சூடான நீர் வந்து மோதினால் முள் துள்ளும், மறுபடி காற்று வந்தால் இறங்கும். பழைய வண்டிகளில் ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கும். அங்கே சூடான நீரே வராவிட்டால் அது எப்படி வேலை செய்யும்? ஆனாலும், புதிய ரேடியேட்டர் போட்டபோது கழற்றிய ஃபேன் கனெக்டரைத் திரும்ப மாட்டினார்களா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறதென்றால் மோட்டாரில் குறை இல்லை.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. பழைய கூலண்ட் எவ்வளவு வெளியே வந்தது, புதிது எவ்வளவு உள்ளே போனது?

அரிசிலாற்றங்கரை

ஐயா, நான் அளக்கவில்லை. ஆனால் அவர்கள் நான்கு லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில்தான் பழையதைப் பிடித்தார்கள், அது கழுத்து வரை நிரம்பியிருந்ததை நன்றாகப் பார்த்தேன். புதிதாக ஒரு லிட்டர் பாட்டில் மூன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது பாட்டிலில் பாதி மிச்சம் என்று திருப்பித் தந்தார்கள், அது இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது.

தஞ்சைப் பணிமனை

அப்படியானால் விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வெளியே வந்தது ஏறத்தாழ நான்கு லிட்டர், உள்ளே போனது இரண்டரை. மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது. வண்டி முன்பே கசிந்துகொண்டிருந்ததால் இன்னும் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். காற்று போய்விட்டதா என்பதைக் குமிழியைப் பார்த்தோ ஒலியைக் கேட்டோ முடிவு செய்வதைவிட, வெளியே வந்த அளவு உள்ளே போனதா என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. எந்த வண்டி வந்தாலும் நாங்கள் முதலில் வாளியை அளக்கிறோம், கையேட்டில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவையும் பார்த்துக்கொள்கிறோம்.

இவ்வளவு காற்று எப்படி உள்ளே தங்கியது? ரேடியேட்டரின் வாயில் ஊற்றும்போது எஞ்சின் குளிர்ந்திருப்பதால், எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சூட்டால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். அது 82 அல்லது 88 டிகிரியில்தான் திறக்கத் தொடங்கும். எனவே ரேடியேட்டர் விரைவில் நிரம்பி, வாய் வரை கூலண்ட் தெரியும். எஞ்சின் பிளாக், ஹெட், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் கோர் (காருக்குள் வெப்பக் காற்றுத் தரும் சிறு ரேடியேட்டர்) ஆகியவை பாதி காலியாகவே இருக்கும். தெர்மோஸ்டாட்டின் தட்டில் ஒரு சிறிய துளையும், அதில் ஆடும் ஓர் ஊசியும் இருக்கும். காற்று மெல்ல வெளியேறுவதற்கு வைத்த வழி அது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாட்டும்போது அந்த ஊசி மேல்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும், கீழ்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினால் அந்தத் துளை இருந்தும் பயனில்லை.

குடமுருட்டி, பாபநாசம்

நான் மோட்டார் தொழிலில் இருப்பவன் அல்லன், விவசாயி. ஆனால் இந்தச் சிக்கல் எங்களுக்குப் பழக்கமானதுதான். ஆற்றில் தண்ணீர் வராத நாட்களில் டீசல் எஞ்சின் வைத்துக் குளத்திலிருந்து இறைப்போம். ஃபுட் வால்வில் ஒரு சிறு தூசி சிக்கினாலும் உறிஞ்சு குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும், பம்பு காற்று வாங்கிவிடும். அதன் பிறகு எஞ்சினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. பம்பின் மேல் மூடியைத் திறந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, குமிழி அடங்கித் தண்ணீர் தளும்பும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் ஓட்ட வேண்டும். காரின் வாட்டர் பம்பும் அதே வகைதானா?

தஞ்சைப் பணிமனை

ஆம் ஐயா, அதே வகைதான். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. இரண்டும் மையவிலக்கு பம்புகள். சுழலும் இறக்கைகள் கனமான நீரை வெளிப்பக்கம் தள்ளும், லேசான காற்று நடுவில் தேங்கிவிடும். நடுவில் காற்று தேங்கினால் இறக்கை சும்மா சுழலும், நீர் நகராது. வயலில் அப்படி ஆனால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். காரில் நீர் ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே ஹெட்டைச் சுற்றியுள்ள நீர் கொதித்து ஆவியாகும், அந்த ஆவி இன்னும் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் "ஓட ஓடச் சரியாகும்" என்ற சொல்லை நான் எதிர்க்கிறேன்.

பழைய லாரிக்காரர், மன்னார்குடி

தஞ்சைத் தம்பி சொல்வது சரி. ஆனால் இத்தனை சிரமம் எதற்கு? நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் தடை ஏதும் இல்லாமல் நீர் ஓடும், காற்றும் தானாக வெளியேறிவிடும். லாரி ஓட்டிய காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தஞ்சைப் பணிமனை

அண்ணா, உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கால எஞ்சின்களில் அது பெரிய கேடு செய்யவில்லை. இப்போதைய எஞ்சினில் அது இரண்டு வகையில் கெடுதல். எஞ்சின் உரிய சூட்டை எட்டாவிட்டால், கம்ப்யூட்டர் அது இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து டீசலைக் கூடுதலாகக் கொடுக்கும். மைலேஜ் குறையும், புகை கூடும், எஞ்சின் ஆயிலில் ஈரமும் கசடும் சேரும். இரண்டாவது பலருக்கும் தெரியாத செய்தி. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்புறம் இன்னொரு தட்டு உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் பாதையை மூடி, நீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது, ஏற்றத்திலும் நெரிசலிலும் கூடுதல் சூட்டில் போய் முடியும். பழையதாகிவிட்டால் புதிது போடுங்கள் அண்ணா, இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

ஓடம்போக்கி, திருவாரூர்

நான் ஆசிரியை, தினமும் நாகப்பட்டினத்துக்குக் காரில் போய் வருகிறேன். சென்ற ஆண்டு எனக்கும் இதேபோல நடந்தது. இணையத்தில் தேடியபோது எல்லோரும் "வண்டியின் முன்பக்கம் உயரும்படி ஒரு மேட்டில் நிறுத்துங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நம் பகுதியில் மேட்டுக்கு எங்கே போவது? ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் சரிவைத் தவிர வேறு சரிவை நான் பார்த்ததில்லை. இன்னொரு ஐயம். ஹீட்டர் திருகியைச் சூடான பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்கிறார்கள். என் காரில் ஹீட்டர் கசிந்ததால் மெக்கானிக் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். அதனால் பாதிப்பு உண்டா?

தஞ்சைப் பணிமனை

நல்ல கேள்விகள் சகோதரி. பாலத்துச் சரிவில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவது வேண்டவே வேண்டாம். போக்குவரத்து ஒருபுறம், வண்டி உருண்டால் ஆறு மறுபுறம். வீட்டு வாசலில் உள்ள சாய்தளம் போதும். இல்லாவிட்டால், முன் சக்கரங்கள் ஏறி நிற்கும்படி அகலமான கெட்டிப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். நான்கு அங்குலம் உயர்ந்தாலே போதும். ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திக்கொண்டு வேலை செய்யக் கூடாது, அது நழுவும்.

முன்பக்கத்தை உயர்த்துவது எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று உயரமான இடத்துக்குத்தான் போகும். எனவே நாம் திறந்து வைக்கும் வாய்தான் முழு அமைப்பிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். மூடி ரேடியேட்டரின் தலையில் இருந்தால் முன்பக்கத்தை உயர்த்துவது சரி. சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் பின்புறம், கண்ணாடிக்கு அருகில் இருக்கும். அவற்றைச் சமதரையில் நிறுத்துவதே நல்லது, முன்பக்கத்தைத் தூக்கினால் காற்று ரேடியேட்டரின் தலையிலேயே சிக்கிக்கொள்ளும். அத்தகைய கார்களில் பெரும்பாலும் ஹோஸிலோ ரேடியேட்டரின் மேல் மூலையிலோ காற்றை வெளியேற்ற ஒரு சிறிய திருகு வைத்திருப்பார்கள். கூலண்ட் ஊற்றும்போது அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலண்ட் ஒழுகத் தொடங்கியதும் இறுக்கிவிட வேண்டும். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் திருகு, வலுவாக முறுக்கினால் உடைந்துவிடும்.

ஹீட்டர் திருகியைப் பொறுத்தவரை, சில கார்களில் அதைத் திருப்பும்போதுதான் ஹீட்டர் கோருக்குப் போகும் நீர்க் குழாய் திறக்கும். அவற்றில் சூடான பக்கம் வைப்பது கட்டாயம். பல புதிய கார்களில் கோரின் வழியாக நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், திருகி காற்றுத் தடுப்பை மட்டுமே நகர்த்தும். இருந்தாலும் திருப்பி வைப்பதில் ஒரு பயன் உண்டு. வெப்பக் காற்று சீராக வந்தால் கோரில் நீர் நிரம்பிவிட்டது என்று பொருள், எஞ்சின் சூடாகியும் குளிர்ந்த காற்றே வந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று பொருள். நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால், இந்த இலவசமான சோதனைக் கருவி நம்மிடம் இருப்பதையே மறந்துவிடுகிறோம். உங்கள் மெக்கானிக் ஹோஸ்களை இணைத்தது எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை, நீர் சுற்றி வரும் பாதை தொடர்கிறது. ஆனால் இணைத்த வளைவு பானெட்டுக்கு அடியில் மேல்நோக்கி எழும்பி நின்றால் காற்று அங்கே தங்கும். அதைக் கீழ்நோக்கி வளைந்திருக்கும்படி கட்டச் சொல்லுங்கள்.

கடுவையாறு, நாகப்பட்டினம்

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காற்றெடுக்கும்போது அளவு குறையக் குறைய, பக்கத்தில் இருக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவது பலரின் வழக்கம். எங்கள் கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அந்த உப்பு அலுமினிய ரேடியேட்டரை உள்ளிருந்தே அரிக்கும். கலந்து விற்கும் கூலண்டையே ஊற்றுங்கள். அடர் கூலண்ட் வாங்கினால், பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரில் கலந்துகொள்ளுங்கள். இங்கே நீர் உறைவதில்லை, பிறகு கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை, நமக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான். நிறத்தைப் பார்த்து ஒரே வகை என்று முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள்.

அரிசிலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே செய்து பார்க்கப் போகிறேன். ஐயா, படிப்படியாகச் சொல்ல முடியுமா?

தஞ்சைப் பணிமனை

சொல்கிறேன். எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். 0.9 பார் அழுத்த மூடிக்கு உள்ளே வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும்.

முன்பக்கத்தை உயர்த்தி, மூடியைத் திறந்து, ஹீட்டர் திருகியைச் சூடான பக்கம் வையுங்கள். எஞ்சினிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களில் உயரமாக இருப்பதன் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸின் முனையைச் சற்றே இழுத்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் ஊற்றும் கூலண்டே காற்றை உள்ளே அழுத்திக்கொண்டு போகும். ஹோஸ் முனையில் முதலில் சீறல் வரும், பிறகு நுரை, பிறகு கூலண்ட். கூலண்ட் தொடர்ந்து வந்ததும் ஹோஸை அழுத்தி மாட்டிக் கிளிப்பை இறுக்கிவிடுங்கள். அடுத்து மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள்.

ரேடியேட்டர் வாயில் இறுக்கமாகப் பொருந்தும்படி ஒரு புனலை வையுங்கள். கடையில் அதற்கென்றே கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், குடிநீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, கழுத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிச் செருகினாலும் போதும். புனலில் பாதி கூலண்ட் நிற்க வேண்டும். புனல் வாயைவிட உயரமாக இருப்பதால், வெளியே வரும் காற்றின் இடத்தைக் கூலண்ட் உடனே நிரப்பும், பொங்கினாலும் தரையில் சிந்தாது. ஏசியை அணைத்துவிட்டு எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து வெப்பநிலையைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு முள் பல கார்களில் பரந்த வெப்ப வரம்பில் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், அதை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. தெர்மோஸ்டாட் திறக்கும் கணத்தில் புனலில் உள்ள மட்டம் திடீரென்று இறங்கும், அங்கேதான் கையோடு ஊற்ற வேண்டும். கீழ் ஹோஸ் சூடாக வேண்டும், ஃபேன் இரண்டு முறையாவது ஓடி நிற்க வேண்டும். இடையிடையே 2,000 சுற்று அளவுக்கு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி விடுங்கள். 105 டிகிரியைத் தாண்டினால் யோசிக்காமல் எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறை ஊற்றும் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகில் துண்டு, தாவணி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் போகக் கூடாது.

அரிசிலாற்றங்கரை

செய்து முடித்தேன். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்தபோது மட்டம் வாயிலிருந்து இரண்டு விரற்கடை கீழே இருந்தது. ஹீட்டர் ஹோஸைத் தளர்த்தியதும் நீங்கள் சொன்னது போலவே முதலில் சீறல் வந்தது. ஊற்ற ஊற்ற ரேடியேட்டரின் வாயிலும் சிறு குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்து உடைந்தன. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்து காய்ந்த வயலில் பரவும்போது, நண்டு வளைகளிலிருந்து குமிழி கிளம்புமே, அதே போலத்தான் இருந்தது. ஹோஸ் முனையில் கூலண்ட் வருவதற்குள் 650 மில்லி உள்ளே போயிருந்தது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே இவ்வளவு போனது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

எஞ்சின் ஓடத் தொடங்கிப் பதினேழு நிமிடம் கழித்து, ஓபிடி கருவி 86 காட்டியபோது, புனலில் மட்டம் சட்டென்று இறங்கி, ஒரு பெரிய காற்றுக் குமிழி 'பளக்' என்று மேலே வந்தது. அப்போது 500 மில்லி ஊற்றினேன். கீழ் ஹோஸ் சூடானது. 96 டிகிரியில் ஃபேன் தானாக ஓடியது, அதைக் கேட்டபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. இரண்டாவது முறை ஃபேன் நின்றபின் 200 மில்லி பிடித்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒலி இல்லை, ஹீட்டரில் அனல் வந்தது. மறுநாள் காலை திறந்து பார்த்தால் இன்னும் 150 மில்லி வாங்கியது. மொத்தம் ஒன்றரை லிட்டர். வாளிக் கணக்கு அப்படியே சரியாக வந்துவிட்டது.

ஆனால் ஒரு குறை. செவ்வாய்க்கிழமை காலையும் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது, புதன்கிழமையும் அப்படியே. ரிசர்வ் டேங்கில் மட்டும் மட்டம் ஏறிக்கொண்டே போய் மேல் கோட்டைத் தாண்டிவிட்டது. தரையில் ஒரு சொட்டுகூடக் கசிவு இல்லை. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பழைய லாரிக்காரர், மன்னார்குடி

தம்பி, கேஸ்கெட் போயிருந்தால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகிவிடும். வாயைத் திறந்து வைத்து ஓட்டினால் எவ்வளவு நேரமானாலும் குமிழி நிற்காது. உங்களுக்கு அப்படி வருகிறதா?

அரிசிலாற்றங்கரை

இல்லை ஐயா. இரண்டாவது ஃபேனுக்குப் பிறகு குமிழியே வரவில்லை. ஹோஸும் குளிர்ந்த நிலையில் மென்மையாகவே இருக்கிறது.

தஞ்சைப் பணிமனை

அண்ணன் சொன்ன சோதனை மிகச் சரியானது. ஐயம் தீரவில்லையென்றால், ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியாக உறிஞ்சிப் பார்க்கும் கருவி பெரிய பணிமனைகளில் உண்டு. எரிந்த புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் அந்த நீலம் பச்சைக்கோ மஞ்சளுக்கோ மாறும். ஆனால் உங்கள் அறிகுறி வேறொன்றைக் காட்டுகிறது.

ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உள்ளன. சூடாகும்போது பெருகும் கூலண்டை ரிசர்வ் டேங்குக்கு அனுப்புவது ஒன்று, ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தால் அதைத் திரும்ப இழுத்துக்கொள்வது மற்றொன்று. உங்கள் வண்டியில் போனது திரும்பி வரவில்லை, அதனால்தான் ரிசர்வ் டேங்க் ஏறுகிறது, ரேடியேட்டர் குறைகிறது. மூடியின் நடு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ரேடியேட்டர் கழுத்திலிருந்து ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய ஹோஸில் கீறல் இருக்கலாம். கீறலில் அழுத்தம் இல்லாததால் கூலண்ட் வெளியே பெரிதாகக் கசியாது, ஆறும்போது மட்டும் அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். நீங்கள் பகலில் வெளியேற்றும் காற்றை வண்டி இரவில் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஹோஸின் இரு முனைகளையும் விரலால் வளைத்துப் பாருங்கள்.

அரிசிலாற்றங்கரை

கண்டுபிடித்துவிட்டேன் ஐயா! பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ரேடியேட்டர் கழுத்தில் செருகியிருந்த முனையை வளைத்தபோது, அடிப்பக்கம் நகக்கண் அளவு ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. பதினோரு ஆண்டு பழைய ரப்பர், காய்ந்து விறைத்துப்போயிருந்தது. புதிய ரேடியேட்டரின் குழாய் முனை சற்றுப் பருமனாக இருந்திருக்க வேண்டும், வலுவாக அழுத்திச் செருகியபோது கிழிந்திருக்கிறது. புதிய ஹோஸ் அரை மீட்டர் வாங்கி, இரு முனைக்கும் சிறிய கிளிப் போட்டேன். மூடியையும் அதே அளவு எண் போட்டதாகப் பார்த்துப் புதிதாக வாங்கிவிட்டேன்.

ரிசர்வ் டேங்கில், எஞ்சின் ஆறிய நிலையில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். மூன்று நாளாகக் காலையில் கோட்டிலேயே நிற்கிறது, ரேடியேட்டரும் வாய் வரை நிறைந்திருக்கிறது. நேற்று பூம்புகார் வரை போய் வந்தோம். ஏசி போட்டபடி, மயிலாடுதுறை கடைத்தெரு நெரிசலிலும்கூட 97ஐத் தாண்டவில்லை, திறந்த சாலையில் 86க்கும் 92க்கும் இடையிலேயே இருந்தது.

ஓடம்போக்கி, திருவாரூர்

மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. வடித்த பழைய கூலண்டை என்ன செய்தீர்கள்? எங்கள் தெருவில் ஒரு பணிமனை எல்லாவற்றையும் வாய்க்காலில்தான் ஊற்றுகிறது.

தஞ்சைப் பணிமனை

வாய்க்காலில் ஊற்றுவது பெரும் கேடு சகோதரி. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதன் சுவையோ இனிப்பு. தேங்கிய இடத்தில் நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். அதே வாய்க்கால்தான் அடுத்த ஊரில் வயலுக்குப் பாய்கிறது. வேலை நடக்கும்போது ஹோஸிலிருந்து ஒழுகும் புதிய கூலண்டைச் சுத்தமான தட்டில் பிடித்தால், வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். பழையதை இறுக மூடும் கேனில் அடைத்து, மேலே 'நஞ்சு' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வரும்போது என் பணிமனையில் கொடுத்துவிடலாம், நாங்கள் அதற்கென்று தனி டிரம் வைத்திருக்கிறோம். அரிசிலாற்றங்கரைத் தம்பியும் அந்தப் பெயிண்ட் வாளி இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அரிசிலாற்றங்கரை

கேட்டேன் ஐயா. அதே மூலையில், மூடியில்லாமல் இருந்தது. கேனில் ஊற்றி எடுத்து வந்துவிட்டேன், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன். அளந்தும் பார்த்தேன்: மூன்று லிட்டர் 900 மில்லி.